தவறான ஆளை எடுத்தால்: கணக்குப் புத்தகத்தில் விழாத செலவுகள்

(வன்னியின் சிறு வணிகர்கள் கேட்டவற்றுக்கு, கிளிநொச்சியில் கணக்கு வேலை செய்யும் ஒருவரின் பதில்கள்.)

கேள்வி (கிளிநொச்சி, ஹாட்வெயார் கடை): மாதம் 40,000 ரூபாய்க்கு எடுத்த பையன் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டான். நட்டம் 80,000 தானே?

பதில்: இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் உங்கள் பங்கு என்பதால் 92,000 ஆகிவிட்டது. தகுதிகாண் காலம் என்று சொல்லி அதைத் தவிர்க்க முடியாது. அவனைப் பழக்குவதற்காக உங்கள் பழைய ஊழியர் செலவழித்த நேரத்தை இன்னும் சேர்க்கவில்லை.

கேள்வி (பரந்தன், அரிசி ஆலை): நெல் வாங்குவதற்கு வைத்தவர் நேர்மையானவர், ஆனால் தொழில் தெரியாதவர். இதில் என்ன இழப்பு வந்துவிடும்?

பதில்: நான் கண்டவற்றில் இதுவே ஆகக்கூடிய இழப்பு. காலபோக அறுவடை நேரத்தில் உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நிற்க, அவர் ஈரமானியை எடுக்காமல் கையால் அள்ளிப் பார்த்து, 18 வீத ஈரமுள்ள நெல்லை 14 வீதத்துக்குரிய விலைக்கு எடுத்தால், 1,000 கிலோ காய்ந்து 14 வீதத்துக்கு வரும்போது ஏறத்தாழ 953 கிலோதான் மிஞ்சும். மற்றது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். அதை அப்படியே அடுக்கி வைத்தால் சில நாட்களில் மூட்டைக்குள் கைவிடும்போதே சூடு தெரியும், அரிசியும் மஞ்சளிக்கும். பணப்பெட்டிச் சாவிக்கு நேர்மை போதும். தராசடியில் நிற்பவருக்குத் தொழிலும் தெரிய வேண்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எங்களிடம் இருபது பேர் வேலை செய்கிறார்கள். சரிவராதவரை உடனே நிறுத்தலாமா?

பதில்: எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாட்கள் வேலை செய்துவிட்டவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. “இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்” என்று இழுத்தே பலர் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி (வவுனியா): மச்சானின் மகனைக் கணக்குக்கு எடுக்கலாமா?

பதில்: நான் எடுத்தேன். சேமலாப நிதிப் பணத்தைப் பிந்திக் கட்டினால் தாமதத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் வரும் என்று நான் சொல்லியும், என் அக்காவின் மகன் படிவங்களை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தான். கட்டணத்தைக் கட்டி முடித்துவிட்டேன். அக்கா வீட்டுக்கு இன்னும் போக முடியவில்லை.