சின்ன நாடு கொடுக்கும் உதவி: கேள்வி பதில்

சாணக்கியபுரியில் ஒரு சிறிய ஐரோப்பிய நாட்டின் தூதரகத்தில், வளர்ச்சி உதவிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். டெல்லித் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மயூர் விஹார், கல்லூரி மாணவி): லக்ஸம்பர்க் கொடுக்கும் பணம் அமெரிக்கா கொடுப்பதில் தூசு அளவுகூட இல்லையே சார், அதை ஏன் பாராட்டுகிறார்கள்?

பதில்: தொகையைப் பார்த்தால் நீ சொல்வது சரிதான்மா. ஆனால் பணக்கார நாடுகள் தங்கள் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தீர்மானம் போட்டது. அந்த அளவை அதன்பின் அமெரிக்கா ஒருமுறைகூட எட்டியதில்லை. டென்மார்க் 1978-இல் எட்டியது. லக்ஸம்பர்க் 2000-இல் எட்டி, இப்போது ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கையில் பணம் குறைவு என்பதால் உலகம் முழுக்க இறைக்க முடியாது. செனகல், கேப் வெர்டே, லாவோஸ் என்று சில நாடுகளில் வருடக்கணக்காக வேலை செய்கிறது. அந்த நீண்ட பழக்கத்துக்குத்தான் நான் மதிப்பு கொடுப்பேன்.

கேள்வி (ஆர்.கே.புரம்): நல்லது செய்யப்போய் வேறு மாதிரி முடிந்ததுண்டா?

பதில்: உண்டு, நம் பக்கத்திலேயே. 1952-இல் நார்வே, இந்தியா, ஐ.நா. மூன்றும் ஒரு மீன்பிடித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டன. நார்வேயே அப்போதுதான் இரண்டாம் உலகப் போரிலிருந்து எழுந்து, போரில் நொந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்த மார்ஷல் உதவியை வாங்கி முடித்திருந்தது. நார்வே இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செய்த முதல் திட்டம் இது. இடம் கேரளாவில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை. விசைப்படகு, படகு கட்டும் தளம், ஐஸ் பிளான்ட், குடிநீர், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. கரையோர ஏழை மீனவனின் வருமானம் உயரவேண்டும், உள்ளூர்க்காரர்கள் நல்ல மீன் சாப்பிடவேண்டும் என்பதுதான் நோக்கம்.

பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியது. விசைப்படகுகள் இழுவை மடியோடு, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகும் வலையோடு, இறால் பிடிக்கப் போயின. முதல் போட முடிந்தவர்கள் உள்ளே வந்தார்கள். வள்ளம் என்ற நாட்டுப் படகில் போனவனுக்கு மீன் குறைந்தது. இரு தரப்புக்கும் கடலிலேயே மோதல். 1988-இல் கேரள அரசு மழைக்கால இழுவைமடித் தடை கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்த நீண்ட போராட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் தண்ணீரும் அந்த ஊர்களுக்கு நிஜமான நன்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் படகு யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி (கரோல் பாக், ஓய்வு பெற்ற ஆசிரியர்): தமிழ்நாட்டில் உருப்படியாக ஏதாவது?

பதில்: டான்வா (TANWA, ‘வேளாண்மையில் தமிழ்நாட்டுப் பெண்கள்’) ஐயா. டென்மார்க் உதவியுடன் 1986-இல் தொடங்கிய திட்டம். வேளாண் துறையின் பெண் அதிகாரிகளே கிராமத்துக்குப் போய், சிறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு விதை நேர்த்தி, மண் மாதிரி எடுப்பது போன்றவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லவேண்டும். பெரிய கட்டடம் எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இதுதான்.

கேள்வி (துவாரகா): அப்படியென்றால் 2003-இல் சிறிய நாடுகளை இந்தியா ஏன் வேண்டாம் என்றது?

பதில்: அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் அறிவித்தார். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் தவிர மற்றவர்களிடம் அரசுக்கு அரசு உதவி இனி வாங்குவதில்லை என்று முடிவு. சிறு தொகைக்கு ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஆய்வுக்குழு என்று அதிகாரிகளின் நேரம் போனது உண்மை. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் சில நாடுகள் உதவியை நிறுத்திப் பாடம் எடுத்த கசப்பும் இருந்தது. தன்மானத்தோடு எடுத்த முடிவு என்றே நினைக்கிறேன். எனக்கு வலித்தது வேறொன்று. நாங்கள் உதவிய ஒரு குடிநீர்த் திட்டத்தில் பம்ப் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுக்காமலேயே கோப்பை மூடினோம். அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு வருடம் கழித்தும் எனக்குப் போன் செய்தார்கள்.

கேள்வி (நொய்டா): இப்போது இந்தியாவே கொடுக்கும் நாடுதானே?

பதில்: இப்போது இல்லை தம்பி, எப்போதோ! மற்ற வளரும் நாட்டுக்காரர்களுக்கு இந்தியா பயிற்சி கொடுக்கும் ஐடெக் (ITEC) திட்டம் 1964-லிருந்து நடக்கிறது. பூட்டானின் 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையத்துக்கு இந்தியா 60 சதவீதம் மானியமாகவும் 40 சதவீதம் கடனாகவும் கொடுத்தது.

கேள்வி (முனிர்கா): இந்தத் துறையில் வேலைக்கு வர என்ன படிக்கலாம் சார்?

பதில்: பொருளாதாரமோ பொது சுகாதாரமோ, எது பிடிக்கிறதோ அது. அதற்கு முன் இரண்டு வருடம் ஏதாவது ஒரு மாவட்டத்தில் போய் வேலை பார். திட்ட அறிக்கையில் ‘பயனாளி’ என்று எழுதும்போது ஒரு முகம் உன் ஞாபகத்துக்கு வரும்.