பனை எரிந்தால் வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் எங்கள் எட்டுப் பரப்புப் பனங்காணி போன கிழமை தீப்பிடித்துக் கருகிவிட்டது. மர வியாபாரி ஒருவர், "எல்லாம் செத்த மரம், உளுத்துப்போக முதல் தாருங்கள்" என்கிறார். காயம்பட்ட ஆமையும் உடும்பும் காணிக்குள் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். முற்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேம்புக்குப் பட்டைக்குக் கீழேதான் உயிர். அது சுற்றிவர வெந்தால் மரம் போச்சு. பனைக்கு அப்படியில்லை. தண்டு கரியாக நின்றாலும் உச்சியில் குருத்து தப்பியிருந்தால் திரும்பவும் ஓலை வரும். வடலி, அதாவது இளம் பனை, இன்னும் கெட்டி. பனங்கொட்டை முளைக்கும்போதே குருத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும். கிழங்கு கிண்டியவர்களுக்குத் தெரியும். மேலே சாம்பலாகக் கிடந்தாலும் மாரி மழைக்கு அதிகமானவை துளிர்க்கும். ஆகவே மார்கழிவரை கைவைக்க வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு. காவோலை கழிக்காமல் விட்ட மரத்தில் தொங்கும் சருகைப் பிடித்துத் தீ உச்சி வட்டுவரை ஏறிவிடும். அங்கே குருத்து வெந்திருக்கலாம். வியாபாரியின் ஆளை ஏற்றாமல், உங்களுக்குத் தெரிந்த சீவல் தொழிலாளி ஒருவரை ஏற்றிப் பாருங்கள். நடுக்குருத்தை இழுக்க அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்தால் அந்த மரம் முடிந்தது. பனை பக்கத்தில் கிளைத்துத் தப்பாது. குருத்து வெளிறியிருக்கிறது, ஆனால் இறுக்கமாக நிற்கிறது என்றால் விடுங்கள். ஒரு மரம் இப்படிப் போனதைக் காட்டி முழுக் காணியையும் விலைபேசுவதுதான் இவர்களின் தொழில். கரி வெளியில்தான், உள்ளே வைரம் அப்படியே இருக்கும். உங்களிடம் விறகு விலை, வீடு கட்டுபவரிடம் கூரைச் சிலாகை விலை!

"பெர்மிட் நான் எடுத்துத் தாறன்" என்பார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும்; லொறி பிடிபட்டால் காணிக்காரர் பெயர்தான் வரும். விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்திலும் நீங்களே போங்கள். ஒரு கையெழுத்துக்கு எத்தனை முறைதான் நடத்துவார்களோ! அந்த அலைச்சலில்தான் தரகர்களின் பிழைப்பே ஓடுகிறது.

காணிக்குள் இறங்கும்போது கவனம். எரிந்த நிலத்தில் பழைய வெடிபொருள் வெளியே தெரியலாம். தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பி 119க்குச் சொல்லுங்கள்.

வனஜீவராசிகள் அதிகாரிகள் வரும்வரை மட்டும் ஆமையைக் காற்றோட்டமுள்ள காட்போட் பெட்டியில் இருட்டான இடத்தில் வையுங்கள். பற்பசை, வெண்ணெய் பூச வேண்டாம், வாயில் பால் ஊற்றவும் வேண்டாம். உடும்பைப் பிடிக்கப் போகாதீர்கள், கடிக்கும். நாய்களை மட்டும் கட்டிவையுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அழையுங்கள். "நாங்கள் வளர்க்கிறம்" என்று வந்து நட்சத்திர ஆமை கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அது கடத்தலுக்குப் போகும். வீட்டில் வளர்க்க வைத்திருப்பதும் குற்றம்தான்.