டி.சி. கேட்டது யார்?

(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பதில் சொல்கிறார்)

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் 478 எடுத்ததைப் பார்த்து, ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் அவர்களே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். பிளஸ் ஒன் அரையாண்டில் கணக்கும் இயற்பியலும் ஃபெயில். "மே மாசம் டி.சி. வாங்கிக்குங்க, பிளஸ் டூ வேற எங்கயாவது படிக்கட்டும்" என்கிறார் முதல்வர். விடுதியில் இவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம். என்ன செய்வது?
- ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. எந்தக் கடிதம் என்கிறீர்களா? இனிமேல்தான் நீட்டுவார்கள். 'சொந்தக் காரணங்களால் மாற்றுச் சான்றிதழ் வேண்டுகிறேன்' என்றிருக்கும். டி.சி.யிலேயே பெற்றோர் விண்ணப்பித்த தேதி என்று ஒரு வரி உண்டு. அதில் தேதி விழுந்துவிட்டால் பள்ளி யாரையும் அனுப்பவில்லை, நீங்களாகத்தான் போனீர்கள். தருமபுரிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஜூன் மாதம் இப்படி வந்து நிற்கும் பிள்ளைகளின் டி.சி.யைப் புரட்டினால், நடத்தை 'நன்று' என்றே இருக்கும். நன்றாக நடந்த பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள்? பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' போட வேண்டுமே!

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் கைகொடுக்கும். அதனால் சட்டத்தைச் சொல்லி மிரட்ட முடியாது. கேள்வி கேட்கலாம். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18இல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள். இப்போது கேட்க ஆளில்லை. எனவே விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடம் எப்போது முடிந்தது, பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு நடந்ததா என்றும் கேளுங்கள். வெளியே அனுப்புவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே குரல் இறங்கும். இறங்காவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் போன் போடுங்கள்.

இதெல்லாம் அவளுக்கு அங்கே இருக்க விருப்பமிருந்தால்தான். இந்த வாரமே வீட்டுக்கு அழைத்து வந்து, மார்க்கைப் பற்றிப் பேசாமல், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். சாப்பாடு இறங்காத பிள்ளையை அலட்சியமாக விடக் கூடாது. 14416இல் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். "வேண்டாம்மா" என்று அவள் சொன்னால், ஜூனில் அதே குரூப் உள்ள அரசுப் பள்ளியில் சேருங்கள். பிளஸ் டூவில் குரூப் மாற்ற முடியாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2017லேயே அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டதே, பள்ளிகள் மட்டும் ஏன் இன்னும் போஸ்டர் ஒட்டுகின்றன?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: அடுத்த வருஷத்து அட்மிஷன் நடக்க வேண்டாமா? போஸ்டரில் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால், அதே செட்டில் பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று அட்மிஷன் கவுன்ட்டரில் விசாரியுங்கள்.