அரோமாதெரபி என்றால் என்ன? வாசனை எண்ணெய் மனதுக்கு உண்மையிலேயே உதவுமா?

பூ, இலை, பட்டை இவற்றிலிருந்து எடுத்த வாசனை எண்ணெயை முகர்ந்தோ, வேறு எண்ணெயில் கலந்து தடவியோ மனதை இளைப்பாற விடுவதுதான் அரோமாதெரபி.

இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்குமே, தைலம் எடுப்பதும் அப்படித்தான். யூகலிப்டஸ் இலை வழியாக நீராவியை விட்டு, வெளியே வரும் ஆவியைக் குளிர வைத்தால் தைலம் நீரின் மேல் மிதக்கும். (மல்லிகை அந்தச் சூடு தாங்காது, அதற்கு வேறு முறை.)

சரி, வாசனைக்கு ஏன் இவ்வளவு வலு? பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் போகும். வாசனை மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடும். ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தி மூட்டை ஏற்றிய வண்டி கடந்து போனாலே எப்போதோ பார்த்த ஊர்த் திருவிழா கண்முன் வருவது அதனால்தான்.

பதற்றம் கொஞ்சம் தணியலாம், தூக்கம் எளிதாக வரலாம். நோயே குணமாகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தடவுவதென்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 10 சொட்டு போதும்.

அப்புறம், ‘இயற்கைதானே, குடித்தால் என்ன?’ என்று பலர் நினைக்கிறார்கள். யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.