விஎஃப்டியுடன் பேசுவது எப்படி? மோட்பஸ், ஆர்எஸ்-485 கேள்வி பதில்

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவ்களைக் கணினியிலிருந்தும் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்தும் இயக்குவது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும். ஆர்எஸ்-485 என்பது கம்பியில் சிக்னல் போகும் முறை, மோட்பஸ் என்பது அதில் போகும் செய்திகளின் மொழி. ரெஜிஸ்டர் என்பது டிரைவுக்குள் எண்ணிட்ட நினைவு அறை.

ஐயா, டெல்டா விஎஃப்டி-ஈ டிரைவுக்குப் பைத்தானில் நிரல் எழுதினேன். முகவரி 1, வேகம் 9600. எதை அனுப்பினாலும் பதில் இல்லை. சிஆர்சி (செய்தியில் பிழை இருக்கிறதா எனச் சோதிக்கும் எண்) கணக்கில்தான் தவறா?

சிஆர்சியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் டிரைவின் 09.04 அளவுருவைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் மதிப்பு 0. அதாவது ஆஸ்கி முறை (செய்தியை எழுத்துகளாக அனுப்புவது), 7 பிட், பாரிட்டி இல்லை, 2 ஸ்டாப் பிட். நீங்கள் அனுப்புவது ஆர்டியு (நேரடி பைட்டுகளாக அனுப்புவது). டிரைவுக்கு அது வெறும் இரைச்சல். பிழை என்றுகூடச் சொல்லாது. மதிப்பை 3 என வைத்தால் ஆர்டியு, 8 பிட், பாரிட்டி இல்லை, 2 ஸ்டாப் பிட். 4 என வைத்தால் 8 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட். நிரலிலும் அதையே வையுங்கள்.

அப்படியும் பேசவில்லை என்றால் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏ, பி என்ற பெயர்களை ஆளுக்கொரு விதமாக அச்சிடுகிறார்கள். மாற்றிப் போட்டால் எதுவும் எரிந்துவிடாது.

சரிபார்க்க ஒரு செய்தி தருகிறேன், எல்லாம் ஹெக்ஸில்: 01 06 20 00 00 12 02 07. முகவரி 1, கட்டளை 06 (ஒரு ரெஜிஸ்டரில் எழுது), ரெஜிஸ்டர் 2000, மதிப்பு 0012 (முன்னோக்கி ஓடு), கடைசி இரண்டு பைட் சிஆர்சி. உங்கள் நிரலில் 07 02 என்று வந்தால் கணக்கு சரி, வரிசைதான் தவறு: சிஆர்சியில் மட்டும் கீழ் பைட் முதலில் போக வேண்டும். வேகத்துக்கு ரெஜிஸ்டர் 2001, 50.00 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 5000 என எழுதுங்கள். 02.00 அளவுரு 3 ஆகவும், 02.01 அளவுரு 3 அல்லது 4 ஆகவும் இருந்தால்தான் டிரைவ் இந்தக் கட்டளைகளை மதிக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. 06 கட்டளை வெற்றியானால் டிரைவ் அதே எட்டு பைட்டையும் திருப்பி அனுப்பும். சில யுஎஸ்பி மாற்றிகள் நீங்கள் அனுப்பியதையே உங்களுக்குத் திருப்பிக் காட்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டிரைவ் பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டு அனுப்பிப் பாருங்கள். அப்போதும் "பதில்" வந்தால் அது டிரைவ் சொன்னதல்ல.

40001 என்ற ரெஜிஸ்டரைப் படித்தால் 83 02 என்று வருகிறது.

நல்ல செய்திதான். கம்பி, வேகம், பாரிட்டி, சிஆர்சி எல்லாம் சரி என்று டிரைவே சான்று தருகிறது. 03 கட்டளையோடு (ரெஜிஸ்டரைப் படி) ஹெக்ஸ் 80 சேர்ந்தால் 83, அதாவது மறுப்பு. 02 என்றால் அந்த முகவரி என்னிடம் இல்லை என்று பொருள். 40001 என்பதில் முதலில் உள்ள 4 ரெஜிஸ்டரின் வகையை மட்டும் குறிக்கிறது. மீதி 0001 என்றால் முதல் ரெஜிஸ்டர். கம்பியில் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் போக வேண்டிய முகவரி 0. எல்லாக் கையேடுகளும் இப்படி எழுதுவதில்லை. ஷ்னைடர் 8501 என்று சொன்னால் 8501 என்றே அனுப்ப வேண்டும்.

அந்த 8501 பற்றித்தான் என் கேள்வி. ஷ்னைடரின் ஆல்டிவார் 312 டிரைவ். கட்டளை ரெஜிஸ்டரில் 15 எழுதினேன், ஏற்றுக்கொண்டது. மோட்டார் அசையவில்லை.

இந்த டிரைவ் சிஐஏ-402 என்ற நிலை வரிசைப்படி நடப்பது. ஒரே தாவலில் 15க்குப் போக விடாது. 6 எழுதுங்கள், பிறகு 7, பிறகு 15. ஒவ்வொன்றுக்கும் நடுவே 3201 என்ற நிலை ரெஜிஸ்டரைப் படித்து, ஹெக்ஸ் மதிப்பின் கடைசி இலக்கம் 1, 3, 7 என்று மாறுகிறதா எனப் பார்த்த பின்பே அடுத்த படி. "நூறு மில்லி நொடி காத்திரு" என்று எழுதி நிரலை முடித்துவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். மேசையில் ஓடும், ஆலையில் ஒருநாள் ஓடாது.

வேகத்தை 8602இல் ஆர்பிஎம்மாக எழுதலாம், 8502இல் 0.1 ஹெர்ட்ஸ் அலகிலும் எழுதலாம். சீமென்ஸ் டிரைவ்களின் யுஎஸ்எஸ் நெறிமுறையிலும் இந்தப் படிவரிசையின் சாயலைக் காணலாம்: கட்டளையாக முதலில் 1150, பிறகு 1151. அங்கே நூறு சதவீத வேகம் என்பது 16384.

அண்ணா, கல்லூரித் திட்டத்துக்காக எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரையும் மேக்ஸ்485 என்ற ஆர்எஸ்-485 சிப்பையும் வைத்துச் செய்கிறேன். லாஜிக் அனலைசரில் பார்த்தால் செய்தியின் கடைசி பைட் பாதியில் அறுபடுகிறது.

அனலைசர் வைத்துப் பார்த்தீர்களே தம்பி, அதிலேயே பாதி வேலை முடிந்தது. அனுப்பும் இடையகம் காலியானதும் மேக்ஸ்485இன் திசைக் காலை (அனுப்புவதா, வாங்குவதா என்று சொல்லும் பின்) இறக்கிவிடுகிறீர்கள். இடையகம் காலி என்றால் கடைசி பைட் ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குள் போய்விட்டது என்றுதான் பொருள். கம்பியில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. டிஎக்ஸ்இ (இடையகம் காலி) கொடிக்குப் பதில் டிசி (அனுப்பி முடிந்தது) கொடியைப் பாருங்கள். ஆர்டுவினோவாக இருந்தால் அனுப்பிய பின் ஃபிளஷ் செயற்கூற்றை அழைத்துவிட்டுத் திசையை மாற்றுங்கள்.

எதிர்ப்பக்கமும் கவனம் தேவை. திசையை மாற்றத் தாமதித்தால் டிரைவின் பதிலில் முதல் பைட் உங்களுடன் மோதும். ஒரு செய்தி முடிந்ததன் அடையாளம் 3.5 எழுத்து நேர மௌனம். எழுத்துக்கு 11 பிட் என்று வைத்தால் 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லி நொடி. 19200க்கு மேல் போனால் 1.75 மில்லி நொடி என்று நிலையாக வைத்துக்கொள்ளலாம். செய்தியின் நடுவே வேறொரு இன்டரப்ட் புகுந்து இடைவெளி விட்டாலும் டிரைவ் அந்தச் செய்தியைக் குப்பையில் போட்டுவிடும்.

நூற்பாலையில் 20 டிரைவ்கள் ஒரே கம்பித் தொடரில். ஒவ்வொன்றிலும் 10 ரெஜிஸ்டர் படிக்கிறேன். ஒரு சுற்று முடிய ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. நிரலை வேகப்படுத்த முடியுமா?

நிரல் வேகமாகத்தான் இருக்கும். கேள்வி 8 பைட், பதில் 25 பைட், மொத்தம் 33. பைட்டுக்கு 11 பிட் வீதம் 9600இல் ஏறத்தாழ 38 மில்லி நொடி. மௌனங்களுக்கு 8, டிரைவ் யோசிக்க ஒரு 10 என்று சேர்த்தால் 55ஐத் தாண்டும். அதை 20ஆல் பெருக்குங்கள். 38400க்கு மாறினால் 38 என்பது 10க்குள் வரும். யுஎஸ்பி மாற்றியில் எஃப்டிடிஐ சிப் இருந்தால் விண்டோஸில் அதன் தாமத அமைப்பு இயல்பாக 16 மில்லி நொடி. அதை 1 ஆக்குங்கள். பராமரிப்புக்காக ஒரு டிரைவை நிறுத்தியிருந்தால், அதற்காக ஒரு நொடி காத்திருந்து மூன்று முறை முயலும் நிரல் மொத்தச் சுற்றையும் முடக்கும். பேசாத டிரைவைத் தனிப் பட்டியலில் போட்டு எப்போதாவது விசாரியுங்கள்.

மோட்டார் நின்றிருக்கும்போது தொடர்பு சுத்தமாக இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் சிஆர்சி பிழை மழையாகப் பொழிகிறது.

மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில் போகின்றனவா? பிரியுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணமாகப் போகட்டும். 120 ஓம் ரெசிஸ்டர் தொடரின் இரு முனைகளில் மட்டும், ஒவ்வொரு டிரைவிலும் அல்ல. பலர் விட்டுவிடுவது மூன்றாவது கம்பியை. ஆர்எஸ்-485 இரண்டு கம்பி என்று சொல்லிச் சொல்லியே பொதுக் கம்பியை மறந்துவிட்டோம். ரிசீவர் தாங்கும் பொது மின்னழுத்தம் -7 முதல் +12 வோல்ட் வரைதான். இரண்டு பேனல்களின் எர்த்துக்கிடையே அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்த நிரலும் காப்பாற்றாது. இரு பக்கமும் மின்தொடர்பு இல்லாமல் தனிமைப்படுத்தப்பட்ட (ஐசோலேட்டட்) மாற்றி வாங்குங்கள், விலை அதிகமானாலும்.

வேகத்தை மாற்ற, முன்பு அமைத்த வேகம் என்ற அளவுருவில் நொடிக்கு ஒருமுறை எழுதுகிறேன். வேலை செய்கிறது. தொந்தரவு வருமா?

வரும். அளவுருக்கள் பொதுவாக, மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராமில் பதிவாகும். அந்த நினைவகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு லட்சம் எழுத்துகள் என்ற அளவில். நொடிக்கு ஒன்று என்றால் 28 மணி நேரத்தில் லட்சம் முடிந்துவிடும். வேகக் கட்டளைக்கென்று உள்ள ரெஜிஸ்டரில் எழுதுங்கள். அது ராமில் இருப்பது.

கணினி உறைந்துவிட்டது. மின்விசிறி மட்டும் கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நிரலில் எப்படித் தடுப்பது?

நிரலில் தடுக்க முடியாது, உறைந்ததே நிரல்தானே. டிரைவுக்குள் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு இருக்கிறது. டெல்டாவில் 09.02, 09.03. ஆல்டிவாரில் இயல்பாக 10 நொடி. அதற்குள் செய்தி வராவிட்டால் எஸ்எல்எஃப் என்ற தொடர்புப் பிழை காட்டி நிற்கும். அந்த 10 நொடி எரிச்சலூட்டுகிறது என்று சோதனையின்போது அணைத்துவிட்டு அப்படியே ஒப்படைப்பது நம் தொழிலின் கெட்ட பழக்கம்.

எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்தும் யோசியுங்கள். கன்வேயர் நிற்கலாம். கொதிகலன் விசிறி சட்டென நிற்பது ஆபத்தாகலாம். அங்கே எச்சரிக்கை மட்டும் கொடுத்து ஓடவிடுவது சரியாக இருக்கும். ஆனால் அவசர நிறுத்தப் பொத்தான் மோட்பஸ் வழியாகப் போகவே கூடாது. அதைப் பாதுகாப்பு ரிலே வழியாக, டிரைவில் எஸ்டிஓ (மோட்டாரின் முறுக்குவிசையைத் துண்டிக்கும் பாதுகாப்பு) முனை இருந்தால் அதற்கு நேராக, கம்பி இழுத்துக் கட்டுங்கள். இதில் வாடிக்கையாளர் பேரம் பேசினால் வேலையை விட்டுவிடலாம்.

மோட்பஸ் டிசிபிக்கு (ஈதர்நெட் வழி மோட்பஸ்) மாறினால் இதையெல்லாம் மறுபடி எழுத வேண்டுமா?

ரெஜிஸ்டர் பட்டியலும் நிலை வரிசையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிஆர்சி போய் ஏழு பைட் தலைப்பு வரும், போர்ட் 502. நடுவில் கேட்வே (டிசிபியையும் 485ஐயும் இணைக்கும் பெட்டி) வைத்துப் பழைய 485 தொடரையே இழுத்தால், மேலே போட்ட 55 மில்லி நொடிக் கணக்கும் கூடவே வரும்.