பக்கத்து வளவுக்காரரின் உறுதி

கேள்வி: எனது மகள் அமெரிக்காவில் அந்த நாட்டவர் ஒருவரையே மணமுடித்திருக்கிறாள். பேத்தி இரண்டு பக்கத்துப் பூட்டன், பூட்டிமாரின் பெயர்களையும் எழுதி வைக்க ஆசைப்படுகிறாள். மருமகனின் முன்னோர் கென்டக்கியில் காடு வெட்டிக் குடியேறி, பிறகு நெப்ராஸ்கா போனவர்களாம். 1822ஆம் ஆண்டுக் காணி உறுதி ஒன்றின் படம் அனுப்பியிருக்கிறார்கள். ஓக் மரம், ஓடை, ‘120 போல்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறது. பெயரோ ஊருக்கு நாலு பேருக்கு இருக்கக்கூடிய பெயர். இதை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: சகோதரி, அந்தப் ‘போல்’ நமக்குத் தெரிந்த பேர்ச்தான். நீளம் 16½ அடி. அதைச் சதுரமாக்கினால் வருவதுதான் நாம் வளவு விலை பேசும் ஒரு பேர்ச். ஆங்கிலேயர் இரண்டு நாட்டுக்கும் கொண்டுபோன அதே அளவு. 120 போல் என்றால் 1,980 அடி.

நொத்தாரிசு ஒருவரிடம் 28 வருடம் உறுதி எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்க உறுதிகளையும் தேடிப் படிக்கிறேன். எங்கள் வீட்டு உறுதியை அம்மா தலையணை உறைக்குள் வைத்திருந்தார். 1978 சூறாவளியில் அது நனைந்து, மடிப்பு விழுந்த இடத்தில் மை கரைந்துவிட்டது. பெத்தாவின் தாயார் பெயர் அந்த மடிப்பில்தான் இருந்தது. பல வருடம் கழித்துப் பக்கத்து வளவுக்காரரின் உறுதியை வாசித்தபோது, ‘தெற்கு’ எல்லையில் யார் காணி என்று எழுதிய இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. இன்னாரின் மகள் என்றும் எழுதியிருந்தது. அன்று நான் அழுதுவிட்டேன்.

உங்கள் கென்டக்கி உறுதியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு மரத்தில் தொடங்கி, திசையும் தூரமும் சொல்லிக்கொண்டே போய், அதே மரத்துக்குத் திரும்பி வரும். நடுவில் ‘இன்னாருடைய எல்லை வழியே’ என்று வரும் பெயர்களை எழுதி எடுங்கள். அண்ணன், தம்பி, மச்சான் என்று கூட்டமாகப் போய்க் குடியேறியவர்கள் அதிகம். ஆகவே எல்லைக்காரர் சொந்தக்காரராகவும் இருக்கலாம். அவர்களுடைய உறுதிகளையும் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், ஓடையின் பெயரும் அயலவர் பெயரும்தான் பிரித்துக் காட்டும்.

அப்புறம் பெண்கள். மட்டக்களப்பு எழுவான்கரையில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதால் நம்முடைய உறுதிகளில் தாய்வழி தெரியும். அங்கே பெண்ணின் பெயர் கடைசியில்தான் வரும். கணவனின் காணியில் மூன்றிலொரு பங்கை அவன் இறந்தபின் ஆயுள் முழுதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அவன் விற்கும்போது, அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மனம் ஒத்துத்தான் விடுகிறாயா என்று கேட்டுப் பதிந்தார்கள். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில், அடிமைகள் தவிர, வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் ஏறியது 1850இல்தான். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். ஆகவே 1822இல் அந்தப் பூட்டியின் பெயர் கிடைக்கக்கூடிய ஒரே இடம் உறுதியின் கடைசிப் பந்தியாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். தகப்பன் இறந்தபின் பிள்ளைகள் சேர்ந்து விற்ற உறுதி கிடைத்தாலோ பெரும் அதிர்ஷ்டம். மகள்மாரும் மருமகன்மாரும் பெயரோடு நிற்பார்கள்.

உறுதிகள் அந்தந்தக் கவுண்டி (நம்முடைய மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் இருக்கும். கவுண்டிகள் பிரிந்து பிரிந்து உருவானவை. ஆகவே தாய்க் கவுண்டியிலும் தேடச் சொல்லுங்கள். 1792 வரை கென்டக்கி வேர்ஜினியாவின் பகுதி. அந்தக் காலத்து முதல் உரிமைப் பத்திரங்கள் பிராங்ஃபோர்ட் நகரிலுள்ள மாநிலக் காணி அலுவலகத்தில் உள்ளன.

நெப்ராஸ்கா இலகு. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றக் காணிச் சட்டத்தின்படி (Homestead Act) அரச காணி 160 ஏக்கர் எடுத்து ஐந்து வருடம் குடியிருந்து காட்டியவர்களாக இருந்தால், வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பு இருக்கும். வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், அயலவர் இருவரின் சாட்சியம் எல்லாம் அதில் வரும்.

ஒன்று மட்டும் பேத்தியிடம் சொல்லுங்கள். கென்டக்கி ஆளில்லாத காடல்ல. ஷாவ்னி, செரோக்கி எனும் பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய நிலம். உறுதியில் அவர்கள் பெயர் இல்லை. அவள் எழுதும் தாளில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டு உறுதியையும் நான்கு எல்லைகளும் தெரியப் படமெடுத்து அவளுக்கு அனுப்புங்கள். மாரி தொடங்குமுன் அனுப்பிவிடுங்கள்.