பில் போட இத்தனை கட்டம் எதற்கு? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி கடைகளுக்கு இருபது வருடமாக பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் மளிகை: அண்ணே, நாலு வரி பில்லுக்கு ஏன் இவ்வளவு திரை?

கடலூருக்குள் விற்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி என்ற இரண்டு வரியோடு முடிந்தது தம்பி. அதே சரக்கு புதுச்சேரிக் கடைக்குப் போனால் மாநிலக் குறியீடு 33 போய் 34 வருகிறது, வரி மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி ஆகிவிடுகிறது, மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போகும் இ-வே பில் என்ற சீட்டும் வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2018இல் இ-வே பில், 2023 ஆகஸ்டில் வருடத்துக்கு 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு அரசுத் தளத்தில் பில்லைப் பதியும் இ-இன்வாய்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை கூடியது. எதுவும் கழியவில்லை. 2025 செப்டம்பரில் 12 சதவீத வரி போன பிறகும் அதைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது, ஏனென்றால் அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட வேண்டும்.

பண்ருட்டி முந்திரி: எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

கல்லாவில் உட்காருபவரைக் கூட்டிப் போய் அவர் கையால் பத்து பில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம்: வருமான வரிக்கு...

ஆடிட்டரிடம் கேளுங்கள்.

புதுச்சேரி டெவலப்பர்: நாங்களாக எதையும் சேர்ப்பதில்லை சார். வாங்க வருகிறவர் சம்பளக் கணக்கு உண்டா, பார்கோடு வசதி உண்டா என்று பட்டியலோடு வருகிறார். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறார்.

உண்மைதான். ஆனால் பட்டியல் கொண்டு வருவது முதலாளி, பில் போடுவது வேறு ஆள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பார்த்தேன், மானிட்டர் ஓரத்தில் ‘என்டர் 11 தடவை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. லாரி நம்பர், ஏஜென்ட் பெயர் என்று பதினோரு வெற்றுக் கட்டங்களைத் தாண்டித்தான் கல்லாவில் இருக்கும் பெண் ஒரு கிலோ ஆணிக்கு பில் போடுகிறாள். யாரோ ஒரு மொத்த வியாபாரி கேட்டதை எல்லாக் கடைக்கும் போட்டுவிட்டார்கள். வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் வாங்க புதிதாக எதையாவது காட்ட வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இருக்கிறது. எடுக்க வேண்டாம், மறைத்தாவது கொடுங்கள்.

புதுச்சேரி டெவலப்பர்: மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000இல் மெனுவை மறைத்துப் பார்த்தார்களே, 2007இல் பொத்தான்களை மேலே பட்டையாகக் காட்டும் ரிப்பன் கொண்டு வந்து அதைக் கைவிடவில்லையா?

நல்ல கேள்வி. அங்கே நாம் தொடாதது தானாக மறைந்தது, நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. நான் கேட்பது சாஃப்ட்வேர் போடும் அன்றே கடைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாததை மூடுவது. அப்புறம் அது இடம் மாறக் கூடாது. அரை நாள் வேலை, அதற்குத் தனியாகக் காசு வாங்குங்கள், கொடுப்பார்கள்.

வில்லியனூர்: எது வாங்கலாம் சார்?

பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதுதான்.

சிதம்பரம்: எந்த சாஃப்ட்வேர்...

மேலே படியுங்கள்.

கடலூர் ஓ.டி. (பழைய நகரம்): அப்டேட் பண்ணச் சொல்லி திரையில் வருகிறதே?

பேக்கப் எடுத்தீர்களா? முதலில் பென்டிரைவில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டித் தொடவே தொடாதீர்கள்.